இருபத்திரண்டாம் நூற்றாண்டை எழுதிய வரலாற்றாசிரியர் ராகுல் சாங்கிருத்யாயன்

பாகான் டாலாம்: 'வால்காவிலிருந்து கங்கை வரை' என்ற புத்தகத்தின் பெயரையாவது கேள்விப்படாத தமிழ் வாசகர்கள் நம்மிடையே குறைவு. தோட்டத்தில் தொழிற்சங்க வேலை பார்த்த ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ உங்கள் குடும்பத்தில் இருந்திருந்தால், அவருடைய பழைய பெட்டியில் இந்தப் புத்தகம் கிடந்திருக்க வாய்ப்புண்டு. இதை எழுதியவர் ராகுல் சாங்கிருத்யாயன். எட்டாயிரம் ஆண்டு மனித வரலாற்றை இருபது கதைகளில் அடக்கியவர் என்று அவரை அறிவோம். அதே மனிதர் இதற்குப் பல ஆண்டுகள் முன்பே, எதிர்காலத்தைப் பற்றி ஓர் அறிவியல் கற்பனை நாவலும் எழுதியிருக்கிறார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அந்த நாவலின் பெயர் 'பாயீஸ்வீன் சதீ'. இந்தியில் சதீ என்றால் நூற்றாண்டு. நம் ஊர்ச் சதி இல்லை. இருபத்திரண்டாம் நூற்றாண்டு என்பதுதான் தலைப்பின் பொருள். 1920களில் வெள்ளையர் ஆட்சி அவரை ஹசாரிபாக் சிறையில் அடைத்திருந்தபோது எழுதியது.

கதை எளிமையானது. விசுவபந்து என்ற மனிதர் ஒரு குகையில் தூங்கிவிடுகிறார். இருநூறு ஆண்டு கழித்து, 2124-இல் கண் விழிக்கிறார். வெளியே வந்து பார்த்தால் காடு இருந்த இடத்தில் ஆப்பிள் தோட்டம். அந்தக் கிராமம் முழுவதும் ஆப்பிள்தான் பயிர். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு விளைச்சல். நிலம் எவருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் பொது. சமையலும் பொது. சாதி இல்லை, மதம் இல்லை, நாடுகளுக்கு இடையே எல்லை இல்லை, உலகம் முழுமைக்கும் ஒரே அரசு. அழிந்துபோன நாளந்தா பல்கலைக்கழகம் மீண்டும் உயிர் பெற்றிருக்கிறது.

ஒரே பயிர் விளையும் ஊர் என்றதும் நமக்கு வேறொரு காட்சி நினைவுக்கு வரும். ரப்பர் மரம் மட்டுமே நின்ற தோட்டங்கள், வரிசை வீடுகள், விடிகாலைப் பிரட்டு, கங்காணி. நம் முன்னோர் வாழ்ந்த ஒற்றைப் பயிர் ஊர் அது. ராகுல் கற்பனை செய்த ஊரில் துரை இல்லை, மரத்துக்குச் சொந்தக்காரன் இல்லை. வேறுபாடு அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வேறுபாட்டுக்குத்தான் அவர் ஒரு நாவலே எழுதினார்.

இலக்கியத் தரத்தில் இது பெரிய நாவல் என்று சொல்ல மாட்டேன். கதாநாயகன் பார்க்கிறான், கேட்கிறான், அங்குள்ளவர்கள் விளக்குகிறார்கள். மோதல் என்று ஒன்றும் இல்லை. மேற்கில் எட்வர்ட் பெல்லமி 1888-இலேயே தூங்கி எழுந்து எதிர்காலத்தைக் காணும் மனிதனின் கதையை எழுதிவிட்டார். எச். ஜி. வெல்ஸ் 1899-இல் இருநூறு ஆண்டுக்கு மேல் தூங்கியவனைப் படைத்தார். அதே வெல்ஸ் பிறகு 1920-இல் உலக வரலாறு எழுதியதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். எதிர்காலத்தைக் கற்பனை செய்கிறவர்கள் பழங்காலத்தை நோக்கித் திரும்புவது ராகுலோடு தொடங்கிய பழக்கம் இல்லை. ஆனால் வெல்ஸ் நூலகத்தில் உட்கார்ந்து வரலாறு எழுதினார். ராகுல் வரலாற்றைத் தேடிப் பனிமலை ஏறினார்.

அவர் 1893 ஏப்ரல் 9-ஆம் நாள், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கர் மாவட்டத்தில் பந்தஹா என்ற கிராமத்தில், தாய்வழிப் பாட்டன் வீட்டில் பிறந்தார். வீட்டார் வைத்த பெயர் கேதார்நாத் பாண்டே. வைதிகப் பிராமணக் குடும்பம், வசதி குறைவு. பாட்டனார் பட்டாளத்தில் இருந்தவர். தக்காணம்வரை சுற்றிய கதைகளைப் பேரனுக்குச் சொல்லி வளர்த்தார். மூன்றாம் வகுப்பு உருது பாடப்புத்தகத்தில் இருந்த, உலகைச் சுற்றிப் பார்க்கச் சொல்லும் ஓர் ஈரடிக் கவிதை மனத்தில் பதிந்துவிட்டது என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். பாட்டன் கதையும் பாடப்புத்தகக் கவிதையும் சேர்ந்து பையனை வீட்டில் தங்கவிடவில்லை.

பதினொரு வயதில் அவருக்குத் திருமணம் செய்து வைத்துவிட்டார்கள். அந்த மணத்தை அவர் ஏற்கவேயில்லை, மனைவியோடு வாழவும் இல்லை. பதினான்கு வயதில் கல்கத்தாவுக்கு ஓடினார். பிடித்து வந்தார்கள், மறுபடி ஓடினார். பிறகு, ஐம்பது வயது ஆகும்வரை ஆசம்கர் மாவட்டத்துக்குள் காலடி வைப்பதில்லை என்று உறுதி எடுத்தார். சொன்னபடியே 1943-இல்தான் சொந்த ஊருக்குப் போனார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு வீரச் செயலைப் போலச் சொல்வதுண்டு. அந்த வீட்டில் காத்திருந்த பெண்ணின் ஆயுள் என்னவாயிற்று என்ற கேள்வி அதற்குள் மறைந்துபோகிறது. பெண் விடுதலையைப் பற்றி அவ்வளவு எழுதிய ஒருவரின் வாழ்க்கையில் இதையும் பார்க்கத்தான் வேண்டும்.

பள்ளிப் படிப்பு நடுநிலையோடு நின்றது. பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. காசியில் சமஸ்கிருதம் படித்தார். பீகாரில் பர்சா என்ற ஊரின் வைணவ மடத்தில் ராமோதர தாஸ் என்ற பெயரோடு சாதுவானார். மடாதிபதி ஆகியிருக்கலாம், சொத்தும் இருந்தது. ஆனால் 1913-இல் அங்கிருந்தும் கிளம்பித் தெற்கே வந்தார். சென்னைக்கு மேற்கே, திருமழிசை ஆழ்வார் பிறந்த திருமழிசையில் தங்கிப் படித்தார். திருப்பதி, இராமேசுவரம் எல்லாம் போனார். அடுத்து ஆரிய சமாஜம். ஆக்ராவிலும் லாகூரிலும் அரபும் சமஸ்கிருதமும் வாதக் கலையும். 1921-இல் காந்தியின் ஒத்துழையாமை இயக்கம். பக்சர் சிறையில் ஆறு மாதம், பிறகு ஹசாரிபாக்கில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு. நாம் முதலில் பார்த்த நாவல் இந்த இடத்தில்தான் பிறந்தது.

அவர் வரலாற்று ஆய்வாளரானது இலங்கையில். 1927-இல் களனியில் உள்ள வித்தியாலங்கார பிரிவெனாவுக்குச் சமஸ்கிருத ஆசிரியராகப் போனார். பத்தொன்பது மாதம் அங்கே இருந்தார். பகலில் பிக்குகளுக்குச் சமஸ்கிருதம் கற்பித்தார், மற்ற நேரத்தில் அவர்களிடம் பாளி கற்றார். புத்தரின் மூலநூல்களைப் படிக்கப் படிக்க ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. இந்தியாவில் பிறந்த பௌத்தத் தத்துவ நூல்கள் சமஸ்கிருதத்தில் எழுதப்பட்டவை. அவற்றுள் பல இந்தியாவிலேயே இல்லை. திபெத்திய மொழிபெயர்ப்பில் மட்டும் இருக்கின்றன. அப்படியானால் மூலச் சுவடிகள் திபெத்து மடங்களில் எங்காவது கிடக்க வேண்டுமே?

அந்தக் காலத்தில் வெளியார் திபெத்துக்குள் நுழைவது எளிதன்று. 1929-இல் நேபாளம் வழியாக, வேடம் மாற்றிக்கொண்டு, பயணிகள் கூட்டத்தோடு கலந்து கால்நடையாக லாசா போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு திரும்பும்போது கோவேறு கழுதைகளின் முதுகில் ஏராளமான நூல்களும் 'தங்கா' என்னும் திரை ஓவியங்களும் வந்தன. 1930-இல் இலங்கையில் பௌத்தத் துறவியானார். புத்தருடைய மகனின் பெயரான ராகுலன் என்பதையும் தம் கோத்திரப் பெயரையும் சேர்த்து ராகுல் சாங்கிருத்யாயன் ஆனார்.

பிறகு 1934, 1936, 1938 என்று மேலும் மூன்று முறை திபெத்து. சாக்கியா, ஙோர், ஷலு மடங்களில் பூட்டிக் கிடந்த பனையோலைச் சுவடிகளைக் கண்டெடுத்தார். கொண்டுவர முடியாதவற்றைப் படம் பிடித்தார். அதுவும் இயலாத இடத்தில் உட்கார்ந்து கையால் பிரதி எடுத்தார். தர்மகீர்த்தியின் 'பிரமாணவார்த்திகம்' என்ற தருக்க நூலின் சமஸ்கிருத மூலம் உலகுக்குக் கிடைக்க அவருடைய தேடலே பெருங்காரணம். அவர் கொண்டுவந்த செல்வங்கள் பாட்னா அருங்காட்சியகத்துக்குப் போயின.

தர்மகீர்த்தியோ திக்நாகரோ நமக்கு என்ன உறவு என்று கேட்கலாம். திக்நாகர் காஞ்சிபுரத்துப் பக்கம் பிறந்தவர் என்பது மரபு. தமிழ் படித்தவர்களுக்கு இன்னும் நெருக்கமான ஓர் இழையும் உண்டு. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பக்கம், ஏது, எடுத்துக்காட்டு என்று வரிசையாகத் தருக்கப் பாடம் நடத்துகிறார். பல்கலைக்கழகத்தில் அந்தக் காதையைத் தாண்டிப்போகாத மாணவர்களை எண்ணிவிடலாம், அவ்வளவு வறட்சி. ஆனால் அங்கே சொல்லப்படுவது திக்நாகர் வழிவந்த பௌத்தத் தருக்கம். நம் காப்பியத்துக்குள் இருப்பதன் உறவினரைத்தான் ராகுல் பனிமலையில் தேடிக்கொண்டிருந்தார்.

புத்தரிடமிருந்து மார்க்சிடம் போனது அடுத்த திருப்பம். 1937-இல் புகழ்பெற்ற பௌத்த அறிஞர் ஸ்செர்பாத்ஸ்கியின் அழைப்பில் லெனின்கிராடு சென்றார். அங்கே எலெனா என்ற பெண்ணை மணந்தார். 1938-இல் மகன் ஈகோர் பிறந்தான். துறவு உடை கழன்றது. இந்தியா திரும்பி, பீகார் விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார். 1939 பிப்ரவரியில் சாரண் மாவட்டத்து அம்வாரி கிராமத்தில், குத்தகை நிலத்தைப் பறித்த ஜமீன்தாருக்கு எதிராக உழவர்களோடு சேர்ந்து வயலில் கரும்பு வெட்டப் போனார். ஜமீன்தாரின் ஆள் தலையில் தடியால் அடித்தான். ரத்தம் வழிய நின்றவரைத்தான் போலீசார் கைது செய்தார்கள். அடித்தவனை அல்ல.

கரும்பு என்றதும் ஒரு சின்ன விலகல். செபராங் பிறையில் ரப்பருக்கு முன்னால் கரும்புதான் விளைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய நம்மவர்களில் ஒரு பெரும்பகுதி, இன்று நாம் பெருவிரைவுச் சாலையில் கடந்துபோகும் இந்த வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் வந்தார்கள். ஒரு நாவலுக்கு வேண்டிய அளவு அந்த வாழ்க்கையில் இருந்தது. ஆனால் கூலி எழுதிய நாவல் அந்தக் காலத்தில் ஏது?

1940-இல் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தில் மறுபடி கைது. தேவளி முகாம், ஹசாரிபாக் மத்திய சிறை என்று இரண்டு ஆண்டுக்கு மேல். தத்துவ வரலாறு உட்படப் பல நூல்களை அங்கேயே எழுதிக் குவித்தார். 1942-இல் எழுதிய 'வோல்கா சே கங்கா'வும் அதில் ஒன்று. அதாவது அவருடைய எதிர்கால நாவலும் கடந்தகாலக் கதைகளும் ஏறத்தாழ இருபது ஆண்டு இடைவெளியில் ஒரே சிறையில் எழுதப்பட்டவை.

கி.மு. 6000-இல் வோல்கா நதிக்கரையில் ஒரு குகைக் குடும்பத்தோடு முதல் கதை 'நிஷா' தொடங்குகிறது. அப்போது குடும்பத் தலைமை தாயிடம் இருக்கிறது. தலைமைக்காகத் தாயும் மகளும் மோதுகிறார்கள். நதி இருவரையும் விழுங்குகிறது. கடைசிக் கதை 'சுமேர்' 1942-இல், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் முடிகிறது. நடுவில் ஆடு மேய்த்தவர்கள் உழவர்களாகிறார்கள், செம்பு வருகிறது, இரும்பு வருகிறது, அடிமை வருகிறான், அரசன் வருகிறான், அரசனுக்குத் துணையாகப் புரோகிதன் வருகிறான். பெண் தலைவி என்ற இடத்திலிருந்து படிப்படியாக இறங்குகிறாள். மன்னர்களின் பெயரைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு இந்தப் புத்தகம் கொடுத்த அதிர்ச்சி பெரிது. வேதகாலத்து உணவையும் உறவுமுறையையும் அவர் மறைக்காமல் எழுதியதால் பழமைவாதிகள் கொதித்தார்கள். அவரோ ஒவ்வொன்றுக்கும் நூலாதாரம் உண்டு என்று பதில் எழுதினார்.

இந்த நூல் தமிழுக்கு வந்த வழி நம்மோடு தொடர்புடையது. மொழிபெயர்த்தவர் கண. முத்தையா. சிவகங்கைச் சீமையிலிருந்து பர்மாவுக்குப் பிழைக்கப் போனவர். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பணியாற்றியவர். ஜப்பானியர் தோற்று வெள்ளையர் திரும்பியதும் ரங்கூன் சிறையில் அடைக்கப்பட்டார். அந்தச் சிறைக்குள்தான் வால்கா தமிழாயிற்று. சிறையில் எழுதிய நூலைச் சிறையிலேயே மொழிபெயர்த்தது வேறு எந்த நூலுக்கு வாய்த்தது என்று தெரியவில்லை. விடுதலைக்குப் பின் சென்னையில் தமிழ்ப் புத்தகாலயம் என்ற பதிப்பகத்தை நடத்தி 1949-இல் வெளியிட்டார். மலேசியத் தோட்ட வாழ்க்கையைப் 'பால்மரக் காட்டினிலே' என்று நாவலாக்கிய அகிலனின் நூல்களையும் அவர் பதிப்பித்தார்.

நேதாஜியின் படையில் சேர்ந்தவர்களில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் எத்தனை பேர் என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பினாங்குத் தீவில் வழக்கறிஞர் என். இராகவன் தொடங்கிய சுயராஜ்ய பயிற்சிக் கூடத்திலிருந்து 1942-இல் இளைஞர்கள் நீர்மூழ்கிக் கப்பலில் இந்தியக் கரைக்கு அனுப்பப்பட்டதும், பிடிபட்டவர்களில் வக்கம் காதர் உள்ளிட்டோர் 1943 செப்டம்பரில் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டதும் பதிவான வரலாறு. அதே காலம், அதே படை. முத்தையாவின் கைப்பிரதி அந்தத் தலைமுறையின் பொருள்.

இனி ஒரு குறை. இருபது கதைகளில் தமிழ் மண்ணில் நடப்பது ஒன்றுகூட இல்லை. சிந்து சமவெளி நகர மக்கள் வருகிறார்கள், ஆனால் பெரும்பாலும் வந்தேறிய ஆரியக் குடிகளின் கண்வழியாக.  அவர் தமிழகத்தில் தங்கிப் படித்தவர் என்பதால் இந்த வெற்றிடம் இன்னும் உறுத்துகிறது. வடக்கே புல்வெளிகளிலிருந்து மக்கள் இந்தியாவுக்கு இடம்பெயர்ந்தார்கள் என்ற அவருடைய அடிப்படைக் கோட்டை 2019-இல் வெளியான தொல்மரபணு ஆய்வுகள் பொதுவாக வலுப்படுத்தியிருக்கின்றன. அதே ஆண்டு வெளியான ராக்கிகடி எலும்புக்கூட்டு ஆய்வு, சிந்துவெளிப் பெண் ஒருவரிடம் அந்தப் புல்வெளி மரபு இல்லை என்று காட்டியது. ராகுல் சொன்ன ஆண்டுக் கணக்குகள் பல இன்று நிற்காது. நாவலாசிரியராக அவர் எடுத்துக்கொண்ட உரிமையை வரலாறு என்று நம்பிவிடக் கூடாது. கீழடி பற்றிப் பேசும் இன்றைய தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தேவையான நூல் இன்னொன்று. அதை நாம்தான் எழுத வேண்டும்.

1945 முதல் 1947 வரை லெனின்கிராடு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பட்டமில்லாத பேராசிரியர்! 1947-இல் இந்தியா திரும்பினார். மனைவியும் மகனும் ரஷ்யாவிலேயே தங்க நேர்ந்தது. அந்த ஆண்டு இறுதியில் பம்பாயில் இந்தி சாகித்திய சம்மேளனத்தின் தலைவராக அவர் ஆற்றிய உரையில், தேவநாகரி எழுத்தில் இந்தியே நாட்டின் மொழியாக வேண்டும் என்று வாதிட்டார். முஸ்லிம்கள் பற்றி அதில் சொன்னவை கம்யூனிஸ்டு கட்சிக்கு ஏற்புடையதாக இல்லை. கட்சியிலிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. 1955-இல்தான் மீண்டும் சேர்ந்தார். எல்லையற்ற உலகத்தைக் கற்பனை செய்தவர் மொழி விஷயத்தில் இப்படி நின்றது, மொழிக்காகப் போராடிய தமிழ்ச் சமூகத்துக்குக் கசப்பான செய்திதான்.

பிறகு கமலா என்ற நேபாளிப் பெண்ணை மணந்து முசௌரியிலும் டார்ஜிலிங்கிலும் வாழ்ந்தார். ஜெயா, ஜேதா என இரு பிள்ளைகள். மத்திய ஆசிய வரலாறு பற்றி அவர் எழுதிய பெருநூலுக்கு 1958-இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள். ஆனாலும் வருமானம் போதவில்லை. 1959-இல், முப்பது ஆண்டுக்கு முன் தாம் பாளி கற்ற அதே வித்தியாலங்காரவுக்கு, அது பல்கலைக்கழகமான பின் தத்துவப் பேராசிரியராகத் திரும்பினார். நீரிழிவு ஏற்கெனவே உடலைத் தின்றுகொண்டிருந்தது.

1961 இறுதியில் அவருக்கு நினைவு போயிற்று. முப்பது மொழிகளுக்கு மேல் அறிந்தவர் என்று சொல்லப்பட்டவர், வோல்கா முதல் கங்கை வரை ஒவ்வொரு தலைமுறையையும் மனத்தில் வைத்திருந்தவர், எழுதியதும் படித்ததும் கையை விட்டுப் போன நிலையில் இருந்தார். 1962-இல் மாஸ்கோவுக்குக் கொண்டு சென்று மாதக்கணக்கில் சிகிச்சை அளித்தார்கள். பலன் இல்லை. 1963-இல் இந்திய அரசு பத்மபூஷண் அறிவித்தது. அவ்வாண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் டார்ஜிலிங்கில் எழுபது வயதில் காலமானார்.

வால்காவை இதுவரை படிக்காத இளையோருக்கு ஒரு யோசனை. முதல் கதையில் தொடங்கிப் பாதியில் மூடி வைத்தவர்கள் பலர். 'ரேக்கா பகத்' என்ற பதினேழாம் கதையிலிருந்து தொடங்குங்கள். காலம் 1800. கும்பினி ஆட்சியில் நிலம் உழுதவன் கையிலிருந்து ஜமீன்தார் கைக்கு மாறிய கதை அது. நம் பாட்டன்கள் ஏன் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலுக்காக வரிசையில் நின்றார்கள் என்பதற்கான விடையில் ஒரு பாதி அதில் இருக்கிறது. முடித்துவிட்டுப் பிறகு வோல்காவுக்குப் போகலாம்.